கிருபாகரன் பெயரில்

கிருபாகரன் இறந்து ஒன்பது மாதம் ஆன பிறகும் அவனுடைய கைபேசிக்கு அகல்யா தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். அயனம்பாக்கத்தில், ஏரியைப் பார்த்த அவர்களுடைய மூன்றாவது மாடி வீட்டில், சமையலறை மேடையோரம் இரண்டு கைபேசிகள் அருகருகே கிடக்கும். முகப்பேரில் அவள் அறிவியல் பாடம் எடுக்கும் பள்ளிக்குக் கிளம்பும்போது இரண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். வகுப்பறைக்குள் ஆசிரியர்கள் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது அங்கே விதி. ஒருமுறை பாடத்தின் நடுவில் அது ஒலித்துவிட, தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார். “இனிமே கவனமா இருக்கேன் மேடம்” என்றாளே தவிர, ஒலித்தது யாருடைய கைபேசி என்பதை அவள் சொல்லவில்லை.

எல்லாம் தேவராஜுக்காக. அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்கு வேண்டிய ரப்பர் சீல்களும் வாஷர்களும் செய்யும் கம்பெனியில் கிருபாகரன் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவராஜ் அவனுக்குக் கீழே இருந்தவன். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஏரிக்கரையில் நடக்கப் போன கிருபாகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் ஓடிவந்தது தேவராஜ்தான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவது, மயானத்துக்குச் சொல்வது, பிறகு இறப்புச் சான்றிதழுக்கு அலைவது என்று, கரூரிலிருந்து அகல்யாவின் அண்ணன் வந்து சேர்வதற்குள் பாதிக் காரியத்தை அவன் தலையில் போட்டுக்கொண்டு செய்திருந்தான்.

காரியங்களெல்லாம் முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய வாரத்தில் அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

“ஆபீஸ் சாப்ட்வேர் ஒண்ணு அண்ணன் நம்பர்லயே கீது அண்ணி. உள்ள போணும்னா அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும். அத மட்டும் பாத்துச் சொல்றீங்களா? மாத்தறதுக்குக் கொஞ்ச நாளாவும். அதுவரிக்கும் ரீசார்ஜ் நான் போட்டுடறேன்.”

இவ்வளவு செய்தவனுக்கு இது ஒரு பெரிய உதவியா? அகல்யா சரியென்றாள்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை, சில வாரங்களில் இரண்டு மூன்று முறைகூட, தேவராஜ் கூப்பிடுவான். கிருபாகரனின் கைபேசி சிணுங்கும். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும்: டியர் கிருபாகரன், உங்கள் எண் இது. அவள் ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொல்வாள். “ஆங், உள்ள போயிட்டேன் அண்ணி. பாப்பா எப்படி கீது?” என்று கேட்டுவிட்டு வைப்பான். அவ்வளவுதான். ஆனாலும் அந்த அழைப்பு வந்த நாளில் அவளுக்கு ஏனோ மனசு கொஞ்சம் லேசாக இருக்கும். வங்கிக்காரர்கள் கிருபாகரனின் பெயரை அடித்துவிட்டார்கள். வீட்டுக்கடன் அவள் பெயருக்கு மாறிவிட்டது. சமையல் வாயுவும் மின்சாரமும் மாறிவிட்டன. அவனை இன்னமும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு மென்பொருள்தான். அவன் இல்லாமல் ஆபீஸில் கை உடைந்தமாதிரி இருக்கிறது போலும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்த மென்பொருளை அவள் அறிவாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, கிருபாகரன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. “கார் கம்பெனிக்காரன் ஆர்டர் அனுப்பறான். அது ஒரு பாஷை. நம்ம ப்ரொடக்‌ஷன் கம்ப்யூட்டருக்கு வேற பாஷை. ஸ்டோர்ஸுக்கு ஒண்ணு, பில் போடறதுக்கு ஒண்ணு. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியாது. ரெண்டு பசங்க உக்காந்து இதப் பாத்து அதுல டைப் அடிச்சிட்டிருக்காங்க. நடுவுல ஒரு துபாஷி இருந்தா எப்படி இருக்கும்? அதான் இது” என்று விளக்குவான். முதலாளி தட்சிணாமூர்த்தி விலையைக் கேட்டுவிட்டு முடியவே முடியாது என்றார். கிருபாகரன் விடவில்லை. ஒரே தடவை கொடுத்தால் போதும் சார், அதற்கப்புறம் என்றைக்கும் நம்முடையது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வாங்க வைத்தான். உரிமம் கம்பெனியுடையது. பொறுப்பாளர் என்ற இடத்தில் கிருபாகரன் என்று இருந்தது. அன்றைக்கு அவன் ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பத்தாவது மாதம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை. அகல்யா அடுப்படியில் இருந்தாள். எட்டு வயது நிவேதிதா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தேவராஜ் அகல்யாவின் எண்ணுக்குக் கூப்பிட்டான். குரலில் படபடப்பு.

“அண்ணி, இப்ப அண்ணன் போனுக்கு ஒருத்தர் கூப்பிடுவாரு. ரோஹித்னு பேரு. அந்த சாப்ட்வேர் கம்பெனி ஆளு. அண்ணன் மீட்டிங்ல கீறார், அப்பால பேசுவாருன்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணி.”

“என்ன தேவராஜ் சொல்றீங்க? மீட்டிங்கா?”

“ஆடிட்டு அண்ணி. வேற ஒண்ணுமில்ல. இந்த ஒரு தபா...”

அவன் முடிப்பதற்குள் மேடையிலிருந்த கைபேசி ஒலித்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. எடுத்தாள்.

“குட் மார்னிங். மிஸ்டர் கிருபாகரன்?” மரியாதையான இளம் குரல்.

“அவர்...” அகல்யா அடுப்பை அணைத்தாள். “அவர் மீட்டிங்ல இருக்கார்.”

“ஓ. நீங்க?”

“அவர் மனைவி.”

எதிர்முனையில் அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும்: சனிக்கிழமை, வீட்டில் மனைவியிடம் கைபேசி, கணவன் மீட்டிங்கில். “சரிங்க மேடம். அடுத்த சனிக்கிழமை கூப்பிடறேன். அவர்கிட்ட நேரடியா பேசணும்னு சொல்லுங்க” என்று அவன் வைத்துவிட்டான்.

கைபேசியைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். நிவேதிதா வண்ணப் பென்சிலைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து மறுபடி வண்ணம் தீட்டத் தொடங்கினாள். அகல்யாவும் அதோடு போயிற்று என்று நினைத்தாள். சாயங்காலம் தலை பின்னிவிடும்போதுதான் குழந்தை கேட்டாள்.

“ம்மா, அவங்களுக்கு மட்டும் அப்பா இருக்காரா?”

அகல்யாவின் விரல்கள் பின்னலிலேயே நின்றுவிட்டன. இல்லைடா கண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள். ரிப்பனை எடுத்து முடிச்சுப் போட்டாள். அப்பா திரும்பி வர மாட்டார் என்பதை அந்தக் குழந்தைக்குப் புரிய வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு மாதம் பிடித்தது. இப்போது அந்தக் குழந்தைக்கு முன்னாலேயே, முன்பின் தெரியாத ஒருவனிடம், தன் வாயாலேயே கிருபாகரனை மீட்டிங்குக்கு அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நிவேதிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனாள். கிருபாகரன் போன பிறகு அவள் அங்கே வந்தது ஒரே ஒருமுறை. முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும், வரவேற்பறைச் சுவரில் அவன் படத்தை மாட்டுகிறோம், நீங்கள் வர வேண்டும் என்று தட்சிணாமூர்த்தி கார் அனுப்பியிருந்தார். படத்துக்குச் சந்தன மாலை போட்டு, எல்லோரும் நின்று கும்பிட்டார்கள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் சிலர் விசும்பி அழுதார்கள்.

இன்று அந்தச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது.

வரவேற்பில் இருந்த பானுப்பிரியா என்ற பெண் எழுந்து நின்றாள். புதிதாகச் சேர்ந்தவள், அகல்யாவைத் தெரியாது. “யாரைப் பாக்கணும் மேடம்?”

“இங்க ஒரு படம் இருந்துச்சே?”

“அதுவா? போன வாரம் சாப்ட்வேர் கம்பெனியிலேர்ந்து ஆளுங்க வந்தாங்க மேடம். அத எடுத்து உள்ள வைக்கச் சொன்னாரு சார். பேப்பர் பீரோவுல கீது. நீங்க...?”

“நான் அவர் மனைவி.”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவள் போய்ச் சொன்னாளோ என்னவோ, அடுத்த நிமிஷம் தேவராஜே ஓடிவந்தான். அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“என்ன நடக்குது தேவராஜ்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். “அந்த சாப்ட்வேர் கம்பெனிய வேற ஒரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சு அண்ணி. இப்பல்லாம் ஒரே தபா காசு குடுத்து வாங்கற சமாச்சாரமே கெடயாது. வருஷா வருஷம் கட்டணும். அதுவும் எத்தினி இணைப்பு ஓடுதுன்னு எண்ணி எண்ணிக் காசு. பழைய ஆளுங்களுக்குப் பழைய உரிமம் ஓடும். ஆனா பொறுப்பாளர் பேரையோ போன் நம்பரையோ மாத்தினா, புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். போட்டா பழசு போச்சு.”

“அதனால?”

“அதனால மாத்தல.”

“அவர் செத்துட்டார்னே நீங்க சொல்லல.”

தேவராஜ் நாற்காலியைத் துடைத்த துணியை மடிக்க ஆரம்பித்தான். அவன் மேசைமேல் கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்தது. திரையில் வரிவரியாக ஏதோ மேலே நகர்ந்துகொண்டிருந்தது. இந்த ஆர்டர் வந்தது, இந்தப் பில் போனது, இந்தச் சரக்குக் கிளம்பியது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும், அனுப்பியவர் என்ற இடத்தில், கிருபாகரன். கிருபாகரன். கிருபாகரன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒரு புது வரி சேர்ந்தது. அதிலும் கிருபாகரன்.

ஒன்பது மாதமாக அவன் ஒருநாள்கூட லீவு போடாமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தன்னை அழைத்ததெல்லாம் அவனை நினைத்து அல்ல. அவனைச் சாகவிடக் கூடாது என்பதற்காக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இத்தனை நாள் தெரியாமல், அதில் பெருமைவேறு பட்டுக்கொண்டிருந்தோமே என்று நினைக்க அவளுக்குக் கூசியது.

தட்சிணாமூர்த்தி அவளை உள்ளே அழைத்தார். எழுபதை நெருங்கியவர். ஒற்றை ப்ரெஸ் மிஷினோடு தகரக் கொட்டகையில் ஆரம்பித்து இந்த இடத்துக்கு வந்தவர். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“உக்காருங்கம்மா. படத்தை எடுத்தது தப்புதான். நான் மறைக்கல. அவங்க ஆள் நேர்ல வந்து நிக்கறான், நான் என்ன பண்ணுவேன்?”

“அவங்ககிட்ட உள்ளதச் சொல்லியிருக்கலாமே சார்.”

“சொன்னா என்ன ஆகும் தெரியுமாம்மா? அவங்க கேக்கறது, இந்தக் கட்டடத்துக்கு நான் குடுக்கற வாடகையவிட அதிகம். வருஷா வருஷம். கார் கம்பெனிக்காரன் சீலுக்கு ஒரு பைசா ஏத்தித் தர மாட்டான். நான் எங்கேர்ந்து குடுப்பேன்? ஒருத்தன் ஒரே தடவை காசு வாங்கிட்டு என்னைக்கும் உன்னுதுன்னு சொல்லி விக்கறான். அப்புறம் இன்னொருத்தன் வந்து, அந்த வார்த்தைக்கெல்லாம் இப்ப அர்த்தம் வேறங்கறான். யார் ஏமாத்தறது, நீங்களே சொல்லுங்க.”

அதில் நியாயம் இல்லை என்று அகல்யாவால் சொல்ல முடியவில்லை.

“கிருபா இருந்திருந்தா அவனே இந்த யோசனையச் சொல்லியிருப்பான்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “என் பேரு இருந்துட்டுப் போகட்டும் சார்னு சொல்லியிருப்பான். உங்களுக்குத் தெரியாததா?”

அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. ஏனென்றால் அது உண்மை. பழைய பிரிண்டர் மையைக்கூட ஊசியால் நிரப்பிக் கம்பெனிக்கு மிச்சம் பிடித்தவன் அவன்.

“பேப்பர்ல ஒரு பேரும்மா. அவ்வளவுதான். போனை மட்டும் தேவராஜ்கிட்ட குடுத்துடுங்க. சனிக்கிழமை அவன் பேசிடுவான்.”

“யாரா பேசுவார்?”

தட்சிணாமூர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். வாசலில் நின்றிருந்த தேவராஜ் தரையைப் பார்த்தான்.

“யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். வரும்போது பேப்பர் பீரோவைத் திறக்கச் சொல்லவில்லை. அவனைக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

அந்த வாரம் முழுக்க வகுப்பில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றும். அறுபது எழுபது பேர் பிழைக்கும் இடம். ஒரு கைபேசியைக் கொடுப்பதால் தனக்கென்ன குறைந்துவிடப் போகிறது? மறுநாள் நிவேதிதாவின் கேள்வி வந்து நிற்கும். யாரிடமாவது கேட்கலாம் என்றால், அண்ணனிடம் சொன்னால் கேஸ் போடு என்பான், அம்மாவிடம் சொன்னால் அழுவாள். கடைசியில் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை தேவராஜ் வீட்டுக்கே வந்துவிட்டான். நிவேதிதா கீழே விளையாடப் போயிருந்தாள். அவன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். கொடுத்த காபியைத் தொடவில்லை.

“எனக்கும் இது புடிக்கல அண்ணி. ஆனா இன்னா பண்றது? அது நின்னுச்சுன்னா லைனே நின்னுடும். நானே பேசிடறேன். ரெண்டு வார்த்தை. நான் கிருபாகரன் பேசறேன், எல்லாம் பழையபடியேதான் கீதுன்னு சொன்னா முடிஞ்சிடும். அவரு போன்ல எத்தினி தபா பேசிக் கேட்டிருக்கேன், அவர மாரியே பேசுவேன்.”

“பேசுவீங்களா தேவராஜ்?”

“பேசுவேன் அண்ணி.”

அவள் கைபேசியை அவன் முன்னால் வைத்தாள். தீர்மானித்துச் செய்ததல்ல. மறுத்துச் சொல்லும் பலம் இல்லாததால் வைத்தாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது. அது ஒலித்தது.

தேவராஜ் எடுத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“ஹலோ. எஸ், ஸ்பீக்கிங்.”

“மிஸ்டர் கிருபாகரன்?” ஸ்பீக்கர் போடாமலே ரோஹித்தின் குரல் அகல்யாவுக்குக் கேட்டது.

“எஸ். நான்... நான் கிருபா...”

அவன் நின்றான். மறுபடி வாயைத் திறந்தான். உதடு மட்டும் அசைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், கிருபாகரனின் செருப்பையும் கண்ணாடியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது தேவராஜின் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது இப்போது. அவன் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

“ஹலோ? சார்?”

அகல்யா அவன் கையிலிருந்து கைபேசியை மெதுவாக வாங்கினாள்.

“நான் கிருபாகரனோட மனைவி பேசறேன். போன வாரம் உங்ககிட்ட சொன்னது பொய். அவர் இறந்து ஒன்பது மாசம் ஆச்சு.”

எதிர்முனையில் கீபோர்ட் தட்டும் சத்தம் நின்றது.

“சாரி மேடம்” என்றான் ரோஹித். “எனக்குப் போன வாரமே சந்தேகம் இருந்துச்சு. கேக்க வேணாம்னுதான் விட்டேன். எங்க லிஸ்ட்ல இப்படி நிறையப் பேர் மேடம். ரிட்டயர் ஆனவங்க, வெளிநாடு போனவங்க. இறந்தவங்களும். யாரும் மாத்த மாட்டாங்க. மாத்தினா விலை ஏறிடும்.” அப்புறம் சேர்த்துச் சொன்னான்: “ஆனா நீங்க சொல்லிட்டீங்க. இனிமே எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது. நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க.”

“கம்பெனிக்கு ரெண்டு மாசம் டைம் கேட்டு வாங்கித் தர்றேன். அவ்வளவுதான் என்னால முடியும்.”

அவள் வைத்தாள். தேவராஜ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான். “மன்னிச்சிடுங்க அண்ணி. சொல்ல வரல. அவரு பேர என் வாயால...” என்றான். அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் மயானத்துக்கு எடுத்துப் போனபோதும் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவள், அன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். விளையாடிவிட்டு மேலே வந்த நிவேதிதா வாசலில் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி அவளைத் திட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. தேவராஜையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ரோஹித் சொன்னபடி இரண்டு மாதம் கிடைத்தது. அதற்குள் தட்சிணாமூர்த்தி பெங்களூரிலிருக்கும் அந்த மென்பொருள் கம்பெனிக்கே போய்ப் பேசிப் பார்த்தார், வேறு மென்பொருட்களை விசாரித்தார். காசு கேட்காத ஒன்றை வைத்துத் தானே செய்துவிட முடியுமா என்று தேவராஜ் முட்டிமோதிப் பார்த்தான். பாதிதான் வந்தது. கடைசியில் புது ஒப்பந்தத்தில் இரண்டே இரண்டு இணைப்புக்குப் பணம் கட்டினார்கள். கார் கம்பெனியின் ஆர்டர் உள்ளே வருவதற்கு ஒன்று, சரக்குப் போனதைச் சொல்வதற்கு ஒன்று. ஸ்டோர்ஸையும் பில்லையும் பழையபடி ஆட்கள் உட்கார்ந்து தட்டினார்கள். பில் போடுவது பின்தங்கியதால் சரக்கு தேங்கியது. சாயங்கால ஷிப்ட்டை நிறுத்தினார்கள். பேக்கிங்கில் ஒப்பந்தத்துக்கு வந்துகொண்டிருந்த பெண்களை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் தேவராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னான். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். எத்தனை பெண்கள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள்.

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். நிவேதிதாவுக்குக் குளிருடுப்பு வாங்கிவிட்டு, இருவரும் அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் விலகி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தோளில் ஒரு ஒயர்க்கூடை.

“இன்னா டீச்சரம்மா, அடையாளம் தெரியலியா? வேம்புலியம்மா. பேக்கிங்.”

அகல்யாவுக்குத் தெரிந்தது. கிருபாகரன் இறந்த அன்று பேக்கிங் பெண்களோடு வந்து, மற்றவர்கள் போன பிறகும் போகாமல், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவள்.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

“இன்னாத்த நல்லா கீறது? சாயங்கால ஷிப்ட்ட நிறுத்திட்டாங்க. இன்னாமோ கம்ப்யூட்டர் சமாச்சாரமாம். நாளையிலேர்ந்து வராதன்னாங்க, நின்னுட்டோம். ஆவடிகிட்ட ஒரு ஆஸ்டல்ல பாத்திரம் கழுவிக்கினு கீறேன். முட்டி ஒத்துக்க மாட்டேங்குது.”

தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். வேம்புலியம்மாளுக்கு எதுவும் தெரியாது, இனிமேல் தெரியப் போவதும் இல்லை. அகல்யா ஒரு கணம் பேருந்து வரும் திசையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“அதுக்கு நான்தான் காரணம்மா.”

முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். அவர் பெயரில் அது ஓடிக்கொண்டிருந்ததை, அவர் இல்லையென்று தெரிந்தால் செலவு ஏறும் என்பதை, கேட்டவனிடம் தான் சொல்லிவிட்டதை. வேம்புலியம்மாள் கேட்டுக்கொண்டே கூடையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“உன் ஊட்டுக்காரரு பேர்ல ஓடிக்கினு இருந்திச்சு. நீ அவரு இல்லன்னு சொல்லிட்ட.”

“ஆமாம்மா.”

“பொங்கல் வரிக்குமாச்சும் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“முடியலம்மா.”

வேம்புலியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று அகல்யா நினைத்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “உனுக்கு டீச்சர் வேல கீது” என்று மட்டும் சொன்னாள் அவள். ஆவடி பேருந்து வந்து நின்றது. ஏறுவதற்கு முன்னால் குனிந்து நிவேதிதாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அகல்யாவின் முகத்தைப் பார்க்காமலே ஏறிப் போய்விட்டாள்.

பேருந்து மறைந்த பிறகு நிவேதிதா கேட்டாள். “யாரும்மா அவங்க?”

“அப்பாவோட கம்பெனியில வேலை பாத்தவங்க.”

“உன்மேல கோவமா?”

“ஆமாடா.”

“நீ சாரி சொல்லு.”

“அதுக்கு சாரி பத்தாதுடா” என்றாள் அகல்யா.

அவர்களுடைய பேருந்து வந்தது. உட்கார இடம் கிடைத்தது. குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள், ஏன் பத்தாது என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள். அகல்யா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அப்பா துபாஷி என்று சொன்ன அந்த மென்பொருளில் தொடங்கி, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.